கருங்குறும்பை ஆடுகளுக்கு மூங்கில் தட்டி: கடலைக்கொடி வீணாகாமல் இருக்கச் செய்து பார்த்தது

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் கொல்லையில் ஆறு திருச்சி கருங்குறும்பை ஆடுகளை அவற்றின் கம்பளி மயிருக்காக வளர்க்கிறேன். பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் மேய்ந்து பழகிய இனம் இது. இங்கோ, சம்பா நட்டுவிட்டால் தை அறுப்பு வரை வரப்பைத் தவிர மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. ஆகவே அந்த மாதங்கள் முழுவதும் ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து விலைக்கு வரும் கடலைக்கொடிதான் தீவனம்.

ஐப்பசியில் கொடியைத் தரையிலேயே போட்டேன். காலையில் நிறுத்துப் போட்ட ஆறு கிலோவில், மறுநாள் கூட்டி அள்ளி, பரணில் உலர்த்தி நிறுத்தபோது இரண்டு கிலோ மிஞ்சியது. ஆடு முதலில் இலையைப் பொறுக்கும், காம்பை உதறும், மிதிபட்டு மூத்திரம் பட்ட கொடியை எவ்வளவு பசித்தாலும் முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

கார்த்திகையில், பழைய மீன்வலையில் கொடியைக் கட்டி ஆட்டின் தலைக்கு மேலே தொங்கவிட்டேன். தரையில் விழுவது பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு பெட்டையின் பிடரி மயிரை விரலால் பிரித்துப் பார்த்தபோது, தோலை ஒட்டி, முறிந்த காம்புத் துணுக்குகள் எண்ணெய்ப் பிசுக்கில் பதிந்து கிடந்தன. அவை கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. நூற்கும்போது ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும், தவறியது கம்பளியில் இருந்துகொண்டு உடம்பைக் குத்தும். தீவனம் மிச்சமாகி மயிர் கெடுமானால் எனக்கு அது மிச்சமே அன்று. அந்த வாரமே கிடாவின் கொம்பும் வலையில் சிக்கிக்கொள்ள, அறுத்து விடுவித்து, வலையைக் கழற்றிவிட்டேன்.

மார்கழியில் மூங்கிலைப் பிளந்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தட்டி ஒன்றை நேர்க்குத்தாக நிறுத்தினேன். கொடி சுவருக்கும் தட்டிக்கும் நடுவே நிற்கும். தட்டியின் முன்புறம், தரைக்கு ஓரடி மேலே, உதிர்வதைத் தாங்கப் பலகைத் தொட்டி ஒன்று. தட்டியை ஆட்டின் கண் மட்டத்திற்கு மேல் உயர்த்தவில்லை. முன்பக்கம் சாய்க்கவும் இல்லை, சாய்த்தால் மறுபடியும் பிடரியில்தான் கொட்டும். முதலில் ஆறு அங்குல இடைவெளி விட்டதால் முகத்தை நுழைத்துக் கொத்துக் கொத்தாக இழுத்தன. மூன்று அங்குலமாகக் குறைத்த பின், உதட்டுக்கு எட்டிய அளவே இழுத்து நின்ற இடத்திலேயே மென்றன. தொட்டியில் உதிர்ந்த இலையையும் நக்கித் தின்றன. காலை, மாலை என இரண்டாகப் பிரித்துப் போட்ட இரண்டு வாரத்தில் நாளொன்றுக்கு வீணானது அரைக் கிலோ அளவில் நின்றது. அதுவும் பெரும்பாலும் தடித்த அடிக்காம்பு.

இடையிடையே வைக்கோல் போடும்போது, இயந்திரக் கட்டுகளில் வரும் பிளாஸ்டிக் கயிற்றைக் கொட்டிலுக்கு வெளியிலேயே அறுத்து எடுத்துவிடுகிறேன். அதன் இழை மயிரில் கலந்தால் சாயம் ஏறாது. கடலைக்கொடி வேரோடு பிடுங்கப்படுவதால் தொட்டியில் மண் சேர்கிறது. இப்போது அதன் ஒருமுனைப் பலகையைக் கழற்றி மாட்டும்படி அமைத்து, காலைதோறும் மண்ணைத் தள்ளிவிட்ட பிறகே புதுக் கொடியை வைக்கிறேன்.