கைநாட்டு வைத்தவரின் ஊரிலிருந்து டொபீகா வரை

பெரியப்பா திருநெல்வேலியில் நாற்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். செயின்ட் லூயிஸில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எந்த இடத்தைக் காட்டினாலும் "நல்லா இருக்கும்மா" என்பதோடு முடித்துக்கொள்வார். ஒருநாள் ராத்திரி மோர் சாதம் சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "ஏம்மா, டிரெட் ஸ்காட் கேஸ் இந்த ஊர்லதான நடந்தது?"

ஆமாம். ஆறு வருடமாக நான் வேலைக்குப் போகும் வழியில் தெரியும் பச்சைக் குவிமாடத்துக் கட்டடம்தான் அது. பழைய கோர்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். புதுப்பிக்கும் வேலை முடிந்து 2025 மே மாதம் மறுபடி திறந்திருந்தார்கள். நான் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். முதல் நாள் எங்கள் ஊர், மறுநாள் ஐ-70 சாலையைப் பிடித்து, பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பதை எதிர்த்த வழக்கு பிறந்த கான்சஸ் மாநிலத்தின் டொபீகா. சரி, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று முடிவாயிற்று.

கோர்ட்டுக்கு வெளியே, அடிமைகளாக இருந்த டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹேரியட்டும் வெண்கலச் சிலையாகக் கைகோத்து நிற்கிறார்கள். முகம் நேராக, நிமிர்ந்து. பெரியப்பா செருப்பைக் கழற்றப் போனார். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு, தலையை மட்டும் லேசாகக் குனிந்தார். இந்தக் கோர்ட்டின் படிகளில்தான் அந்தக் காலத்தில் இறந்துபோனவர்களின் சொத்தை ஏலம் விடுவார்கள். சொத்து என்றால் மாடு, மேசை, நாற்காலி, மனிதர்கள். அதே படி ஏறித்தான் 1846 ஏப்ரல் 6-ஆம் தேதி இவர்கள் இரண்டு பேரும் தங்களுக்கு விடுதலை கேட்டுத் தனித்தனியாக மனு கொடுத்தார்கள்.

உள்ளே குவிமாடத்துக்குக் கீழே நின்றால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் ஸ்காட் வழக்கு நடந்த அறை இப்போது இல்லை. 1850-களில் நடுவே நடைவழி எடுத்து அதைப் பிரித்துவிட்டார்கள். அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டியது அவர் மனுவின் நகல். எழுத்து வேறு யாரோ எழுதியது. கீழே பெயரின் நடுவே ஒரு பெருக்கல் குறி. டிரெட் ஸ்காட்டுக்கு எழுதத் தெரியாது. அந்தக் கோடுகள் இரண்டும் ஒரே அளவில் இல்லை. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கைநாட்டும்மா. நம்ம ஆபீஸ்ல எத்தனை பேருக்கு விரலைப் பிடிச்சு மையில அமுக்கியிருப்பேன். பாதிப் பேருக்குக் கை நடுங்கும்."

வழக்கு என்னவென்று அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. காரில் போகும்போது குமாஸ்தா கணக்காகத் தேதிவாரியாகச் சொன்னார். ஸ்காட்டை வைத்திருந்தவர் ராணுவ மருத்துவர் எமர்சன். அவர் மாற்றலாகிப் போன இல்லினாய்ஸில் அடிமைமுறை கிடையாது. அதற்கப்புறம் போன ஸ்னெல்லிங் கோட்டை இருந்த வடக்குப் பகுதியிலும் அது தடை. ஹேரியட்டை ஸ்காட் மணந்தது அந்தக் கோட்டையில்தான். சுதந்திர மண்ணில் குடியிருந்தவர் சுதந்திரமானவரே என்று மிசௌரி நீதிமன்றங்கள் 1824-லிருந்தே தீர்ப்புச் சொல்லி வந்தன. செயின்ட் லூயிஸில் இப்படி விடுதலை கேட்டுப் போடப்பட்ட வழக்குகள் 300-க்கும் மேல். அதனால் ஸ்காட் மனுப் போட்டபோது அது ஊர் உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. ஜெயிக்க வேண்டிய வழக்கு.

1847-இல் ஒரு சாட்சியத்தின் குறைபாட்டால் தோற்றது. 1850-இல் மறுவிசாரணையில் ஜெயித்தது. 1852-இல் மாநில உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளையே ஒதுக்கிவிட்டு அதைக் கவிழ்த்தது. காலம் முன்போல இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அடிமைமுறைச் சண்டை நாடு முழுவதும் முற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அப்புறம் கூட்டாட்சி நீதிமன்றம், அப்புறம் வாஷிங்டன். கடைசியாக 1857 மார்ச் 6-ஆம் தேதி தலைமை நீதிபதி ராஜர் டானி தீர்ப்பை வாசித்தார். ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். கறுப்பினத்தவர், அடிமையாக இருந்தாலும் சரி, விடுதலை பெற்றவராக இருந்தாலும் சரி, அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. அதனால் அவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கே போட முடியாது. வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் அவர்களுக்கு இல்லை என்ற வரியும் அதில் இருக்கிறது. புதிய பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். நாலே வருடத்தில் உள்நாட்டுப் போர்.

பெரியப்பாவை உறுத்தியது வேறு விஷயம். வழக்கு நடந்த காலத்தில் ஸ்காட் குடும்பத்தை ஷெரீப் தன் பொறுப்பில் வைத்து வாடகைக்கு வேலைக்கு அனுப்பினார். கூலி அவர்கள் கைக்கு வராது. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு என்று ஷெரீப்பிடம் சேர்ந்துகொண்டே இருக்கும். "பதினோரு வருஷ வாய்தாம்மா. அந்தக் கூலிக் கணக்கை எழுதினவனும் என்னை மாதிரி ஒரு குமாஸ்தாவாத்தான் இருந்திருப்பான்" என்றார்.

தீர்ப்பு வந்த இரண்டு மாதத்தில், 1857 மே மாதம், ஸ்காட்டின் முதல் எஜமானருடைய மகன் டெய்லர் ப்ளோ அவர்களைத் தன் பெயருக்கு வாங்கி, இதே ஊர்க் கோர்ட்டில் விடுதலை எழுதிக் கொடுத்தார். ஸ்காட் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கும் வேலை பார்த்தார். அடுத்த வருடம் செப்டம்பர் 17-ஆம் தேதி காசநோயில் இறந்தார். சுதந்திர மனிதராக அவர் வாழ்ந்தது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. ஹேரியட் 1876 வரை இருந்தார்.

ஊரின் வடக்கே இருக்கும் கால்வரி கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். ஸ்காட்டின் கல்லறைக்கு 1957 வரை பெயர்க்கல்லே கிடையாது. இப்போது 2023-இல் நிறுவிய ஒன்பதடிக் கறுப்பு கிரானைட் நிற்கிறது. லிங்கன் முகம் போட்ட ஒரு சென்ட் காசை இங்கே வைத்துவிட்டுப் போவது ஜனங்களின் வழக்கம். பெரியப்பா என்னிடம் இரண்டு காசு கேட்டார். "அந்த அம்மாவுக்கும் சேத்து." ஹேரியட் அடக்கமானது வேறொரு கல்லறைத் தோட்டத்தில். அதைச் சொன்னதும், "அப்ப அங்கயும் போவோம்" என்றார். போக நேரமில்லாமல் போய்விட்டது. அது எனக்கு இன்னும் குறைதான்.

திரும்பும் வழியில் லபாடி அவென்யூவில் ஒரு வீட்டின் முன்னால் ஐந்து நிமிடம் காரை நிறுத்தினேன். இரண்டு மாடிச் செங்கல் வீடு. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினத் தம்பதி ஆறு பிள்ளைகளோடு குடிவர அதை வாங்கினார்கள். அந்தத் தெருக்காரர்கள் 1911-லேயே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள்: கறுப்பினத்தவருக்கோ 'மங்கோலிய இனத்தவருக்கோ' ஐம்பது வருடத்துக்கு வீடு கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1948 மே 3-ஆம் தேதி ஷெல்லிகள் ஜெயித்தார்கள். தனி ஆட்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அதை நிறைவேற்றிக் கொடுக்க நீதிமன்றம் கை கொடுத்தால், அரசே பாகுபாடு செய்ததாக ஆகும் என்பது தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரத்திலும் இதே மாதிரி நிபந்தனை இருந்திருக்கும் என்று அப்போதே பேச்சு. இப்போதும் அது வீடுதான், அதனால் இறங்கி நின்று வேடிக்கை பார்க்க மனசு வரவில்லை. இந்த ஊரில் நானும் ஒரு வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள். அந்த ஜன்னல்களைப் பார்த்தபோது அது ஞாபகம் வந்தது.

மறுநாள் விடியற்காலை டொபீகாவுக்குக் கிளம்பினோம். 300 மைலுக்குக் கொஞ்சம் மேல். சாலை நெடுக மக்காச்சோளமும் சோயாவும் அறுவடைக்குக் காய்ந்து நின்றன. கான்சஸ் சிட்டி தாண்டியதும் நிலம் விரிந்துகொண்டே போகிறது. புளிசாதத்தை வழியில் ஒரு மரத்தடி மேசையில் வைத்துச் சாப்பிட்டோம்.

மன்றோ பள்ளி 1926-இல் கட்டியது. அழகான செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள். டொபீகாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு இருந்த நான்கு தொடக்கப்பள்ளிகளில் ஒன்று. வெள்ளைக் குழந்தைகளுக்கு 18 இருந்தன. இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது, அனுமதி இலவசம். பாழடைந்த பள்ளியாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அப்படி இல்லை. நல்ல வகுப்பறைகள். ஆசிரியர்களும் நன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகள்மேல் உயிரை வைத்தவர்கள். டொபீகா வழக்கின் பலமே அதுதான். மற்ற மாநில வழக்குகளில் கறுப்பினப் பள்ளிகளின் கேடுகெட்ட நிலையைக் காட்ட முடிந்தது. அங்கெல்லாம் ஓடு மாற்றி, பஸ் விட்டுச் சமமாக்கிவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. இங்கே கட்டடம் ஏறக்குறைய சமம். அப்படியென்றால் பிரித்து வைப்பதே தப்பா இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் நேராகப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் இங்கே பிறந்தவர் எல்லோரும் குடிமக்கள் என்று சொல்லி டானியின் தீர்ப்பைத் துடைத்தது. சட்டத்தின் சமப் பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்றும் சொன்னது. ஆனால் 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் அதே நீதிமன்றம், பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று அந்த வரிக்குப் பொருள் சொல்லிவிட்டது. வரி மாறவில்லை. அதைப் படித்தவர்கள் மாற 58 வருடம் ஆனது.

டொபீகாவில் வழக்குப் போட்ட பெற்றோர் 13 பேர். அதில் ஒரே ஆண் ஆலிவர் பிரவுன். சாந்தா ஃபே ரயில்வே பட்டறையில் வெல்டர், சர்ச்சில் உதவிப் போதகர். வழக்கு அவர் பெயரால் அறியப்படுகிறது. மற்ற பன்னிரண்டு அம்மாக்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்கள் வேலையையும் நிம்மதியையும் பணயம் வைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆலிவரின் மகள் லிண்டா மூன்றாம் வகுப்பு. ஆலிவர் கோர்ட்டில் சொன்ன மகளின் நேரக் கணக்கு இது: காலை 7.40-க்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். ரயில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் தண்டவாளங்களுக்கு நடுவே நடந்து 8 மணிக்குள் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். பஸ் பல நாள் தாமதம். வந்தால் 8.30-க்குப் பள்ளி. கதவு திறப்பது 9 மணிக்கு. அதுவரை, பனியானாலும் மழையானாலும், வெளியே. வீட்டிலிருந்து சில தெரு தள்ளி இருந்த சம்னர் பள்ளி வெள்ளைக் குழந்தைகளுக்கு மட்டும்.

மன்றோ பள்ளிக்குள் ஒரு நடைவழி. இரண்டு பக்கமும் திரைகள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் கறுப்பினப் பிள்ளைகளைப் பார்த்து வெள்ளைக் கூட்டம் கத்துகிறது. நாம் நடுவே நடக்க வேண்டும். பெரியப்பா பாதியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

1954 மே 17-ஆம் தேதி தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வாசித்த தீர்ப்பில் ஒன்பது பேரும் ஒரே பக்கம். கல்வியில் பிரித்து வைப்பது என்றாலே சமமின்மைதான் என்றார்கள். மறு வருடம், எப்போது அமல் என்ற கேள்விக்கு ஆகக்கூடிய நிதானமான வேகத்தில் என்று பதில் வந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் சேர்த்துப் படிக்க வைப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று 1959-லிருந்து ஐந்து வருடம் அரசுப் பள்ளிகளைப் பூட்டி வைத்தது. டொபீகாவிலோ, வழக்கு நடக்கும்போதே, கறுப்பின ஆசிரியை ஒருவருக்கு 1953-இல் அதிகாரிகள் கடிதம் அனுப்பினார்கள்: வழக்கு ஜெயித்தால் உங்களுக்கு அடுத்த வருடம் வேலை இருக்காது, வெள்ளைப் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் எடுப்பதை ஊரார் விரும்ப மாட்டார்கள். பெரியப்பா இதை இரண்டு தடவை என்னிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

சாயங்காலம் சம்னர் பள்ளியைத் தேடிப் போனோம். வெறுமையாகக் கிடக்கும் பழைய கட்டடம். சம்னர் என்பவர் 1849-இலேயே பாஸ்டனில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்திக்காக, தனிப்பள்ளி கூடாது என்று வாதாடித் தோற்ற வக்கீல். அவர் பெயரை வைத்த பள்ளி இப்படி. 1950-இல் ஆலிவர் மகளின் கையைப் பிடித்து இங்கே அழைத்து வந்தார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். உள்ளே குரல்கள் உயர்ந்தது லிண்டாவுக்குக் கடைசிவரை நினைவிருந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். இந்தப் பள்ளியில் ஒரு நாளும் படிக்கவில்லை.

பெரியப்பா பள்ளிக்கு எதிரே நடைபாதையில் நின்றார். "வெளிய வந்ததும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. வழியெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என்னம்மா சொல்லியிருப்பாரு?"

எனக்குத் தெரியவில்லை, அதனால் பேசாமல் நின்றேன்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டைரி இருக்கும். குமாஸ்தாக்கள் வாய்தா குறிக்கும் முறையில், இடது பக்கம் தேதி, வலது பக்கம் கட்சிக்காரர் பெயர். ஸ்காட், ஷெல்லி இரண்டையும் நேற்றே எழுதியிருந்தார். காரில் ஏறியதும் பேனாவை எடுத்து, தேதி போட வேண்டிய இடத்தில் 7.40 என்று எழுதி, எதிரே லிண்டா என்று போட்டார்.