தம்பியின் கஞ்சா வழக்கும் பிரிவு 39 காட்டிய வழியும்

என் தம்பியிடம் கைப்பற்றப்பட்ட கஞ்சா நூறு கிராமுக்கும் குறைவு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் சிக்கலின்றிக் கிடைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே வாய்தாவில் முடிந்துவிடும் என்றுதான் நீதிமன்ற வளாகத்தில் பலரும் சொன்னார்கள். வழக்கு முடியும், பழக்கம் முடியாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் வழக்கறிஞர் பிரிவு 39-ஐ எடுத்துச் சொன்னார். சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்தால், அவருடைய வயது, நடத்தை, முன்வரலாறு, உடல், மனநிலை ஆகியவற்றைக் கருதி, உடனடியாகத் தண்டனை விதிக்காமல், அவர் சம்மதத்துடன் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்துக்குச் சிகிச்சைக்காக அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிகிச்சையின் பலனை ஓராண்டுக்குள் அறிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் தானாக இதை வழங்கிவிடாது. மனு போட்டுக் கேட்க வேண்டும், அடிமைநிலைக்கு மருத்துவச் சான்றும் காட்ட வேண்டும். 'அடிமை' என்று ஏட்டில் ஏறினால் நாளை யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா கலங்கினார். தம்பியோ, எழுதினால் எழுதட்டும் என்று கையெழுத்திட்டான்.

வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் இல்லத்துக்கு அங்கீகாரம் இல்லாததால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தோம். முதல் சில நாட்கள் தூக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் அவனைப் படுத்தின. அதைவிட எங்களைப் பதறவைத்தது சிறுநீர்ப் பரிசோதனை. நாள்தோறும் புகைத்தவர்கள் நிறுத்திய பின்னரும் கஞ்சாவின் எச்சம் சில வாரங்கள் சிறுநீரில் தென்படலாம் என்று மருத்துவர் விளக்கிய பிறகே, முதல் முடிவைக் கண்டு அவன் மறைவாகப் புகைத்தான் என்று சந்தேகித்த அப்பா ஓய்ந்தார். அறிக்கையிலும் அந்த விளக்கத்தைச் சேர்க்கும்படி கேட்டு வாங்கினோம். அது இல்லாமல் வெறும் முடிவை மட்டும் தாக்கல் செய்திருந்தால் அரசுத் தரப்பு எதிர்த்திருக்கும் என்பது வழக்கறிஞரின் கணிப்பு.

அறிக்கையை ஏற்ற நடுவர், எச்சரித்து, பிணைமுறியின் (மீண்டும் குற்றம் செய்யமாட்டேன் என்ற எழுத்துறுதி) பேரில் அவனை விடுவித்தார். பிணைமுறிக் காலம் மூன்றாண்டு வரை இருக்கலாம். இடையில் இச்சட்டத்தின்கீழ் மீண்டும் குற்றம் செய்தால், அழைக்கும்போது வந்து தண்டனையைப் பெற்றாக வேண்டும். குற்றவாளி என்ற தீர்மானமும் இதனால் அழிந்துவிடாது. வேலை விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் அவன் உள்ளதைத்தான் எழுதுகிறான். நானே ஜாமீன்தாரர் என்பதால், நீதிமன்றம் கேட்காவிட்டாலும், ஆலோசனைக்கு அவன் சென்றுவரும் சீட்டுகளைக் கோப்பில் சேர்த்து வருகிறேன்.