கூரை விலகலைப் பிடித்த பிறகு இடத்தில் அமர்ந்த சோலார் தகடுகள்

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் மேலிருந்த நாற்பது சோலார் தகடுகளும் நேற்றிரவு வரைபடத்தில் அதன் சுவர்க்கோட்டுக்குள் ஒழுங்காக அடங்கின. யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து இந்தப் பகுதியை வரையத் தொடங்கி மூன்று வாரங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் நிறைவு இது.

முதல் சுற்றில் நான் வரைந்த தகடுகளில் பல, கட்டடத்தின் விளிம்பைத் தாண்டிச் சாலையின் மேல் நின்றன. படம் முழுவதும் நகர்ந்திருக்கிறது என்று எண்ணி, சாலைகளை ஜிபிஎஸ் தடங்களோடு பொருத்தி விலகலைத் திருத்தினேன். தாழ்வான வீடுகள் சரியாயின. உயர்ந்த கட்டடங்கள் மட்டும் சரியாகவில்லை. கேமரா நேர் கீழே நோக்காமல் சாய்ந்து நோக்கும்போது கூரை தன் அடித்தளத்திலிருந்து விலகித் தெரிகிறது. உயரத்தைச் சாய்கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் அந்த விலகல் கிடைக்கும். 20 பாகைச் சாய்வில், 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் கூரை ஏறத்தாழ 3.6 மீட்டர் தள்ளித் தெரியும். ஒரு தகட்டின் அகலம் சுமார் 1 மீட்டர் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும். ஒரே தெருவில் உயரத்துக்கேற்ப விலகல் மாறுவதால், படம் முழுமைக்கும் ஒரே திருத்தம் செய்வதில் பயனில்லை.

பிறகு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் பின்னணியிலுள்ள பட அடுக்கையே நகர்த்தி, கூரையை ஏற்கெனவே உள்ள கோட்டோடு பொருத்தி வரைந்து பார்த்தேன். ஒருமுறை அடுக்கைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்தேன். அடுத்த தெருவின் தகடுகள் அனைத்தையும் அழித்து மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. இப்போது பின்பற்றும் முறையில் படத்தைத் தொடுவதே இல்லை. கூரையின் வெளிக்கோட்டையும் தகடுகளையும் தெரிகிற இடத்திலேயே வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வெளிக்கோட்டின் மூலை சுவரின் அடியைத் தொடும்வரை, வரைபடத்தைத் திருத்த உதவும் ஜேஓஎஸ்எம் மென்பொருளில் இழுக்கிறேன். கேமராவை நோக்கிய பக்கத்துச் சுவரின் அடி மட்டுமே படத்தில் தெரியும் என்பதால், அந்தப் பக்கத்து மூலையையே நம்ப வேண்டும். வேறொருவர் கூரையைத் தெரிந்த இடத்திலேயே கட்டடமாக வரைந்திருந்தால், முதலில் அதை அடித்தளத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

சட்டத்தில் சாய்த்து நிறுத்திய தகடுகள் மேலிருந்து பார்க்கையில் சுருங்கித் தெரிகின்றன. 30 பாகைச் சாய்வில் உண்மைப் பரப்பில் 87 விழுக்காடுதான் படத்தில் விழும். ஆகவே வரைந்த பரப்பிலிருந்து மின்திறனைக் கணிப்பதை விட்டுவிட்டு, எண்ண முடிந்த இடங்களில் தகடுகளின் எண்ணிக்கையை மட்டும் குறிக்கிறேன். தலைமாட்டில் உருளைத் தொட்டியுடன் இருப்பவை வெந்நீருக்கானவை. அவற்றுக்கு ‘ஃபோட்டோவோல்டாயிக்’ (ஒளிமின்) என்று குறியிடாமல் ‘தெர்மல்’ (வெப்பம்) என்று குறியிட வேண்டும்.

படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் படங்களிலிருந்து வரைய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அனுமதியில்லை. பிங், எஸ்ரி ஆகியவை தரும் படங்கள் இரண்டையும் பயன்படுத்தலாம். இரண்டும் எடுக்கப்பட்ட காலம் வேறு என்பதால், ஒன்றில் வெறுமையாக உள்ள கூரையில் மற்றொன்றில் தகடுகள் இருக்கின்றன. எது புதியது என்பதை ஒவ்வொரு முறையும் தேடுவது சலிப்பூட்டுகிறது. அடுத்து, தகடுகள் நோக்கும் திசையையும் சேர்க்க விரும்புகிறேன்.

அதற்கு முன் பதினொரு கட்டடங்கள் மீதமுள்ளன. அவற்றின் சுவரடியை மரங்கள் மறைத்திருப்பதால், அதே உயரமுள்ள பக்கத்துக் கட்டடத்தை எவ்வளவு நகர்த்தினேனோ அவ்வளவே இவற்றையும் நகர்த்திப் பார்க்கிறேன். இதுவரை இரண்டு பொருந்தியுள்ளன.