ஹாட் டிஸ்க்கோடு போன முகம்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் அம்மாயி ஒருவர், ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, எம் மொகத்துக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. கொழுந்து என்ன விலை போகிறது என்று கேட்பது போலத்தான் கேட்டார். அவருடைய மகன் கையில் போன் இருந்தது. அதில் ஒரு தேயிலைப் பைக்கட்டு விளம்பரம். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுந்த, மழைத்துளி வழியும் முகத்தோடு அம்மாயி சிரிக்கிறார். நான் எடுத்த ஷொட் அது. விளம்பரத்துக்காக எடுத்ததில்லை. லயத்து வாழ்க்கையைப் பற்றிய பன்னிரண்டு நிமிட ஆவணப்படத்துக்காக எடுத்தது.

அந்த வேலை போனிலேயே பேசி முடிந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் அழைத்தது, தொகை சொன்னார்கள், முன்பணம் வங்கியில் விழுந்தது. ஐந்து நாள் படம்பிடித்து, எடிட் செய்து கொடுத்தேன். கடைசியில், "எடுத்தது எல்லாத்தையும் ஒரு ஹாட் டிஸ்க்ல போட்டுக் குடுங்க தம்பி, எங்ககிட்டயும் இருக்கட்டும்" என்றார்கள். சரி என்று ஹட்டன் பஸ் நிலையத்தில் தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு வரி எழுத்து இல்லை. ஒரு கையெழுத்து இல்லை. அது அங்கிருந்து எந்தெந்தக் கைக்குப் போனது என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியவராது.

கண்டியில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லித் தந்தார். பதிப்புரிமைக்கு எங்கேயும் பதிவு தேவையில்லை, ஆக்கம் உருவான அந்த நேரமே உரிமையும் பிறந்துவிடும். ஆனால் வீடியோ, சினிமா போன்ற ஆக்கங்களில் பணம் சம்பாதிக்கும் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், தயாரிப்பாளருக்கே. தயாரிப்பாளர் யார்? முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து அதைச் செய்விப்பவர். என் கதையில் அது யார், பணம் கொடுத்த அவர்களா, கமராவும் ஆட்களும் கொண்டுபோய் மழையில் நின்ற நானா? எழுத்து இல்லாததால் இரண்டு பக்கமும் வாதாடலாம் என்றார்.

அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றினாலும் சரி, பயன்படுத்த அனுமதி கொடுத்தாலும் சரி, அது எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். உரிமை என்னுடையது என்று வந்தால், போனில் பேசியதையும் டிஸ்க்கைக் கொடுத்ததையும் வைத்து அது அவர்களுக்குப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அந்தப் பிடியை வைத்து ஒரு கடிதம் எழுதினோம். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். பணம் என்று எதுவும் வரவில்லை. அம்மாயியின் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில், "ஒண்ணுமே குடுக்கல அம்மாயி" என்பதுதான்.

அதற்குப் பிறகு காகிதம் இல்லாமல் நான் கமரா பையைத் திறப்பதில்லை.

முதலில் என் பெயரிலேயே ஒரு தொழில் வேண்டியிருந்தது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும், தொழில் நடக்கும் இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்று காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு இந்த மூன்றாவதுதான் மலை. நான்கு தலைமுறை இருந்த லயத்துக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, தனி விலாசம் கிடையாது, முழுத் தோட்டத்துக்கும் ஒரே தபால் விலாசம். என் வயதுப் பையன்கள் எத்தனையோ பேர் நல்ல கமரா வைத்திருந்தும் கலியாண வீடியோவோடு நின்றுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பதிவு இல்லை என்றால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லை என்றால் பெரிய இடங்கள் கோட்டேசனைத் திறந்தும் பார்க்காது. நான் ஹட்டன் கடைத்தெருவில் மாடியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் பதிந்தேன்.

வரியையும் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. 2023 தொடக்கம், தனி ஆளுக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுக்கும் நிறுவனம் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். விலை சொல்லும்போதே அதை யோசிக்க வேண்டும், பிடித்ததற்கான சான்றிதழையும் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

என் ஒப்பந்தம் மூன்று பக்கம். அதில் நான் ஆக நேரம் செலவழித்தது மழைக்குத்தான். கொழும்பில் இருந்து வருபவர்களுக்கு இங்கத்தை மழை விளங்காது. தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் காலையில் கமராவை விரித்து, பகல் முழுக்க பொலித்தீனால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வரும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடியே தெரியாது. வேனும் ஆட்களும் வாடகை லைட்டும் அந்த நாளும் காசு தின்னும். முன்பெல்லாம் அந்த நட்டம் என் தலையில். இப்போது மழையால் கெடும் முதல் நாள் என் பொறுப்பு, இரண்டாம் நாளிலிருந்து ஆட்கூலியும் வாகனமும் அவர்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. முதல் தடவை இதைப் படித்த ஒருவர் சிரித்தார். மூன்றாம் நாள் மழைக்குள் நின்றபோது தானாகவே காசை எடுத்து நீட்டினார்.

அப்புறம் எடுத்த மூலக் காட்சிகள். முடிந்த படம் அவர்களுடையது, மூலக் காட்சிகள் என்னிடம். வேண்டும் என்றால் தனி விலை, எதற்கு, எங்கே, எத்தனை வருடம் என்று தனி எழுத்து. எடிட்டில் இரண்டு தடவைதான் திருத்தம். படத்தில் என் பெயரும் உதவியாளர் பெயரும் வர வேண்டும்.

தோட்டத்தில் படம் பிடிக்கத் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், அனுமதிக் கடிதம் வாங்குகிறோம். டிரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிகிறோம். துரையின் கடிதம் மலைக்கும் ரோட்டுக்கும் ஃபெக்டரிக்கும் கிடைத்த அனுமதிதான். கொழுந்து எடுப்பவரின் முகம் துரையுடையதில்லை. அதற்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் இடமும் முக்கியம். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கங்காணி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நான் சம்மதமாக எடுப்பதில்லை. வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்காரும் நேரத்தில் போகிறேன். சம்மதக் கடிதத்தைத் தமிழில், எங்கள் பேச்சில் எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் இருக்கும் பக்கம் கமரா திரும்பாது.

கூத்துக்கும் இதே யோசனைதான். மாசி மாதத்துக் காமன் கூத்தை எடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரதி மன்மதன் ஆட்டமும் தப்புப் பறையின் சத்தமும் பொதுச் சொத்துதானே என்கிறார்கள். அதே 2003 சட்டம், நாட்டார் கலை வெளிப்பாடுகளை வியாபாரத்துக்காகப் பிரதி எடுப்பதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆடுபவர், அடிப்பவருக்கும் தங்கள் நிகழ்வின் மீது 50 வருட உரிமை இருக்கிறது. இதை ஒரு கூத்து வாத்தியாரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டே, "அப்ப எங்க அப்பாவ பதிஞ்சுக்கிட்டுப் போனாங்களே, அதுக்கும் இருந்திருக்குமோ" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

போன வருடம் வேறொரு படத்துக்காக அதே பணிய லயத்துக்குப் போனேன். அம்மாயிக்கு இப்போது தோட்டத்து வேலைக் கணக்கில் பேர் இல்லை, ஓய்வெடுத்துவிட்டார். இஸ்தோப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை முழுக்க வாசித்தேன். கவனமாகக் கேட்டார். அடுப்படியை எடுக்க வேண்டாம், கூரைத்தகரம் ஓட்டையாய்க் கிடக்கிறது என்றார். அதையும் எழுதிச் சேர்த்தேன்.

"டீ பைக்கட்டுக்குப் போகாதுன்னு இருக்கா?"

"இருக்கு அம்மாயி."

"எந்த எடத்துல?"

காட்டினேன். அந்த வரியின் மேல் விரலை வைத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு கைநாட்டு வைக்கக் கட்டை விரலை மைக்கு நீட்டினார்.