பைரியின் கண்ணில் 3 நாள்

பைரி என்கிற வேட்டைப் பறவை ஒன்றை அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன், 3 நாளாகக் கண்ணை விட்டு நகரவே இல்லை. கழுகுக்குப் போடுகிற மாதிரி முதலில் மஞ்சள் விழி போட்டுத் தொலைத்தேன். பைரிக்கு விழி கரும்பழுப்பு, அதைச் சுற்றியுள்ள வெறும் தோல்தான் மஞ்சள், தெரிந்தும் கை பழக்கத்தில் போய்விட்டது. சரி என்று மூடிவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலம் கலந்து மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை ஏற்றினேன். ட்யூபில் இருக்கும் கறுப்பை அப்படியே அப்பினால் கண் சட்டைப் பொத்தான் மாதிரி செத்துக் கிடக்கும். ஒளிப்புள்ளி கடைசியில், அதுவும் சுத்த வெள்ளை இல்லை, வானம் தெரிகிற இடமாச்சே, துளி நீலம் வேண்டும்.

அந்த முறைப்பு வருவது கண்ணால் அல்ல, மேலே கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் புருவ எலும்பால். அதன் நிழலைக் கொஞ்சம் குறைத்தால் பைரி புறாவாகிவிடும் (எனக்கு ஆனது). அப்புறம் மேல் அலகின் ஓரத்தில் பல் மாதிரி ஒரு சின்ன முனை, இரையின் கழுத்தெலும்பை முறிப்பதற்கு. அதை விட்டுவிட்டால் அது பைரியே இல்லை.

மார்பின் குறுக்குப் பட்டைகள் உடம்போடு சேர்ந்து வளைந்தால் எனக்குப் போதும், ஒவ்வொரு இறகாக வரையப் பொறுமை கிடையாது. விரித்த இறக்கையில் மட்டும் எண்ணித்தான் ஆக வேண்டும், இறக்கையின் நுனிப்பக்கத்து நீளச் சிறகுகள், அதாவது முதன்மைச் சிறகுகள், 10. நான் 11 போட்டிருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன்.