அப்பாவின் ரிவால்வர் என் பெயருக்கு மாறியபோது

அப்பா நெல்லிக்குப்பத்தில் அரிசி ஆலை நடத்தினார். வசூல் பணத்தோடு இரவில் கடலூர் திரும்ப வேண்டியிருந்ததால் 1983-இல் லைசென்ஸ் எடுத்து 32 போர் (குழலின் உள்விட்ட அளவு) வெப்லி ரிவால்வர் ஒன்று வாங்கினார். நடுவில் மடங்கித் திறக்கும் பழைய வகை. திறந்ததும் தோட்டா போடும் உருளையின் மையத்திலிருந்து நட்சத்திரம் போன்ற தகடு எழும்பி, ஆறு தோட்டாக் கூட்டையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். அவர் அதைத் துடைக்க உட்கார்ந்தால் அந்த 'டக்' சத்தத்துக்காகவே நானும் பக்கத்தில் போய் உட்காருவேன்.

2022 ஆடியில் அவர் தவறினார். காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தபோது ரிவால்வர், பதினோரு தோட்டா, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சுட்ட பித்தளைக் கூடுகள் இருந்தன. பூட்டித்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவைத்தேன். அது பெரிய தவறு. போலீசில் இருந்து ஓய்வு பெற்ற மாமா வந்தவர், "மாப்ளே, லைசென்ஸ் உங்கப்பா பேர்லதான். அவர் போனதுக்கப்புறம் அதை நீ வெச்சிருந்தா லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கிற மாதிரி. இன்னைக்கே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரு" என்றார்.

முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொன்னேன். உருளையைக் காலி செய்து, தோட்டாக்களைத் தனிப் பையில் போட்டு, இறப்புச் சான்றிதழும் அப்பாவின் லைசென்ஸ் புத்தகமும் எடுத்துக்கொண்டு மாமாவோடு போனேன். ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவில் இப்படி ஒப்படைக்க வழி இருக்கிறது. லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலும் வைக்கலாம். ரசீது வாங்கும்போது துப்பாக்கி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். எனக்கு 8 என்பது 3 என்று விழுந்திருந்தது. அங்கேயே திருத்தி வாங்கியதால் தப்பித்தேன்.

பிறகு வாரிசுச் சான்றிதழ். அம்மா, நான், புதுச்சேரி வில்லியனூரில் இருக்கும் தங்கை என மூன்று பேர். மற்ற இருவரும் எனக்கு மாற ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார்கள். அதோடு ஏ-1 என்ற விண்ணப்பப் படிவம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை. அப்பாவின் லைசென்ஸில் தேசிய ஆயுத லைசென்ஸ் பதிவேட்டின் தனி அடையாள எண் ஏறியிருந்தது. அதனால் பழைய பதிவைத் தேடி அலையவில்லை. மொத்தம் பதினான்கு மாதம் ஆனது.

இவ்வளவையும் எழுதக் காரணம் ஒன்றுதான். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். எங்கள் வீட்டில் 25 ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே முடித்திருக்கலாம். எனக்கு அது தெரியாமல் போனது இன்றைக்கும் வலிக்கிறது. வீட்டில் வயதான லைசென்ஸ்காரர் இருந்தால் இந்த வாரமே பேசுங்கள்.

இனி அந்தக் கூடுகள். வெளிநாடுகளில் சுட்ட கூட்டில் புது கேப் (பொறி கிளப்பும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புவார்கள். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. நம் நாட்டில் தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும், அதே ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் பழைய பித்தளை நம்பக்கூடியதல்ல. வாய்ப்பக்கம் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மருந்து கொஞ்சம் கூடினால் உருளையே பிளக்கும். பாட்டிலோடு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். பழைய பதினோரு தோட்டாவையும் திரும்பக் கேட்கவில்லை.

புதுத் தோட்டா வாங்கும்போதும் கவனம் வேண்டும். கடையில் '32' என்று மட்டும் சொன்னால் போதாது. பிஸ்டலுக்குப் போடும் 32 ஏசிபி வேறு, ரிவால்வருக்குப் போடும் 32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வேறு. ஏசிபி கூடு 17 மி.மீ., லாங் கூடு 23 மி.மீ. தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளழுத்தம் வேறு. இதற்குள் 1878-இல் வந்த குட்டை எஸ் அண்ட் டபிள்யூ ஒன்றும் உண்டு; லாங் 1896-இல் வந்தது. குட்டைக்காகச் செய்த உருளையில் லாங் முழுதாக இறங்காது. துப்பாக்கி மிஸ்திரி ஒருவர் எங்கள் உருளையின் அறைகளை அளந்து, லாங்தான் என்று உறுதி சொன்ன பிறகே வாங்கினேன். புனேயில் உள்ள கட்கி அரசுத் தொழிற்சாலைத் தோட்டா. அடிப்பக்கம் 'கேஎஃப்' முத்திரை இருக்கும்.

லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு வந்தது. செல்லுபடியாகும் எல்லை, தமிழ்நாடு. கடலூர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரி முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போனால் முள்ளோடையிலேயே புதுச்சேரி எல்லை வந்துவிடும், அங்கே இந்த லைசென்ஸ் செல்லாது. போன மாதம் ரிவால்வரை மிஸ்திரியிடம் காட்டச் சென்னை போனேன், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் வழியாக. தங்கை போனில், "அண்ணே, இவ்ளோ தூரம் போறவன் வீட்டுக்கு வந்துட்டுப் போகக் கூடாதா?" என்றாள். துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.