இருபத்தைந்து நிமிட உரை: ஒரு மாநாட்டு நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

மென்பொருள் எழுதுபவர்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு மாநாட்டின் உரைகளுக்கான அழைப்பு இன்று நள்ளிரவோடு முடிகிறது. வழக்கம்போலக் கடைசி நாளில்தான் எழுத உட்கார்ந்தேன்.

படிவத்தில் பெயரும் நிறுவனமும் கேட்கிறார்கள். ஆனால் முதல் சுற்றில் தேர்வுக் குழுவுக்கு அவை தெரியாது. தலைப்பும் சுருக்கமும் மட்டுமே போகும். நல்ல ஏற்பாடு. பதவியின் நீளத்தைப் பார்த்து இடம் தரும் மேடைகளை நிறையப் பார்த்தாயிற்று.

இந்த வகை மாநாடுகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் விடுமுறை நாளில் நடக்கும். நடத்துபவருக்கும் சம்பளம் இல்லை, பேசுபவருக்கும் இல்லை. பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய 'டெவலப்பர் டெவலப்பர் டெவலப்பர்' என்ற மாநாடு, எந்த உரைகள் வேண்டும் என்பதைக் கேட்க வருபவர்களின் ஓட்டுக்கே விட்டுவிட்டது. பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் திறமூல மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெமுக்கு முன்பதிவுகூட வேண்டாம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அறை நிரம்பிவிட்டால் கதவில் அறிவிப்பு தொங்கும், அவ்வளவுதான்.

என் தலைப்பு: 'எதிர்கால நேரத்தை யூடிசியில் சேமிக்காதீர்கள்.' யூடிசி என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை நேரம்; ஒவ்வோர் ஊரின் நேரமும் அதற்கு இத்தனை மணி முன்னால், பின்னால் என்றே கணக்காகிறது. கொஞ்சம் சண்டைக்கு இழுக்கும் தலைப்புதான். நேரத்தை எப்போதும் யூடிசியில் சேமி என்று புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. வரப்போகிறவற்றுக்குச் சரியில்லை. சுருக்கத்தில் இதற்குமேல் எதுவும் சேர்க்காமல் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

தேர்வாகிவிட்டது. மின்னஞ்சல் வந்த நேரம் நள்ளிரவு தாண்டி. அனுப்பியவர் பகலில் வேறெங்கோ வேலை பார்ப்பவர். இந்த மாநாட்டுக்கென்று அவரிடம் இருப்பது இரவு மட்டும். உரை நாற்பது நிமிடம், மடிக்கணினி நானே கொண்டுவர வேண்டும், நன்னடத்தை விதிகளைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும், பொருள் விற்கக் கூடாது. நான்கே பத்தி, வளவளப்பு இல்லை.

அலுவலகத்தில் மேலாளரிடம் சொன்னேன்.

"எவ்வளவு தருவார்கள்?"

"எதுவும் இல்லை. போகிற செலவும் என்னுடையதுதான்."

"அப்புறம் எதற்கு? சரி, போவதென்றால் எல்லா ஸ்லைடிலும் நம் லோகோ வரட்டும்."

"முதல் ஸ்லைடில் மட்டும்தான் அனுமதி, சார்."

அவர் முகம் சுருங்கியது. எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. மூலையில் லோகோ உட்கார்ந்திருக்கும் ஸ்லைடில் நிரலுக்கு இடம் குறைகிறது என்பது ஒரு காரணம். கேட்பவர் தன் விடுமுறையைக் கொடுத்து வருகிறார், விளம்பரம் பார்க்க வரவில்லை என்பது பெரிய காரணம்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு வாரமாகச் செய்தி திரட்டுகிறேன். குறைவதாக இல்லை.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்று ஒரு நாளே இல்லை. வியாழன் இரவு படுத்தவர்கள் சனிக்கிழமை எழுந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வணிகம் செய்ய வசதியாக, தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது நாடு. அந்த வெள்ளிக்கிழமைக்கு நினைவூட்டல் வைத்திருந்த மென்பொருள் என்ன செய்திருக்கும் என்று யோசிப்பதிலேயே ஒரு மாலை போயிற்று.

லெபனான் கதை இன்னும் வேடிக்கை. 2023 மார்ச் 26 அன்று, கோடைகால நேரம் தொடங்குவதால், கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்க வேண்டும். சில நாட்கள் இருக்கும்போது, ரமலான் முடியும்வரை தள்ளவேண்டாம் என்று அரசு அறிவித்தது. கிறிஸ்தவப் பிரிவான மாரோனைட் திருச்சபையும் சில தொலைக்காட்சிகளும் ஏற்க மறுத்துப் பழைய திட்டப்படியே தள்ளின. ஒரே நாட்டில் இரண்டு நேரம். சில நாட்களில் அரசு பின்வாங்கியது. உலகின் நேர மண்டல விதிகளைத் தொகுக்கும் டிஇசட் தரவுத்தளம் இதற்காக 2023பி என்ற பதிப்பை வெளியிட்டு, ஒரு வாரத்துக்குள்ளேயே 2023சி வெளியிட்டு அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அந்தத் தரவுத்தளத்தைப் பற்றி ஒரு ஸ்லைடாவது வேண்டும். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கியது. இப்போது பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். 2011 முதல், இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் குடையின் கீழ் இருக்கிறது. நம் கைப்பேசி, சேவையகம், தரவுத்தளம் என்று பெரும்பாலானவற்றில் உள்ளூர் நேரத்தைக் கணக்கிட உதவுவது அந்தக் கோப்புகள்தான். எந்த நாட்டு அமைச்சர் எப்போது மனம் மாறுவார் என்று ஒரு மின்னஞ்சல் மடற்குழுவில் தன்னார்வலர்கள் விழித்திருக்கிறார்கள். அமைச்சர்களுக்கு இது தெரிந்த மாதிரி இல்லை.

உரையின் மையத்துக்கு மெக்ஸிகோவை எடுத்திருக்கிறேன். 2022 செப்டம்பரில் மெக்ஸிகோ நகரத்தில் ஒருவர் அடுத்த ஆண்டு ஜூன் மாதக் கூட்டத்துக்குக் காலை 10 மணி என்று பதிவு செய்கிறார். அன்றைய விதிப்படி ஜூன் என்றால் கோடைகால நேரம், யூடிசிக்கு 5 மணி பின்னால். மென்பொருள் அதை 15:00 யூடிசி என்று மாற்றிச் சேமிக்கிறது. அவர் சொன்ன '10 மணி' அத்தோடு தொலைந்தது. அக்டோபரில் அந்நாடு பெரும்பகுதியில் கோடைகால நேரத்தையே ஒழித்துவிட்டது. ஜூனில் வித்தியாசம் 6 மணி. திரையில் கூட்டம் 9 மணிக்கு என்று வருகிறது. நிரலில் யாரும் எதையும் தொடவில்லை. பிழை மட்டும் வந்துவிட்டது.

வழி எளிதுதான். பயனர் சொன்ன உள்ளூர் நேரத்தை அப்படியே வை. பக்கத்தில் மண்டலத்தின் பெயரை வை. யூடிசியைக் கணக்கிட்டு வைத்துக்கொள், விதி மாறினால் திரும்பக் கணக்கிடு.

ஆகஸ்ட் 2, சனி

ஒழுங்கமைப்பாளர்களிடமிருந்து செய்தி: ஒரு அறை கிடைக்காமல் போய்விட்டது, எல்லா உரைகளும் இருபத்தைந்து நிமிடமாகக் குறைகின்றன, மன்னிக்கவும். முதலில் எரிச்சல் வந்தது.

மாலையில் அலுவலக நண்பர்கள் மூவர் முன்னால் பேசிப் பார்த்தேன். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணிவரும் யுனிக்ஸ் நேரத்தின் வரலாற்றில் தொடங்கினேன். பழைய கணினிகளில் அந்த எண்ணிக்கை நிரம்பி வழியப்போகும் 2038 ஜனவரி 19-ஐ எட்டும்போது ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் குழுவில் இளையவளான பெண் சொன்னாள்: "அண்ணா, லெபனான் வரும்வரை எதற்காகக் கேட்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே தொடங்குங்களேன்."

வரலாறு முழுக்கப் போயிற்று. 2038 போயிற்று. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் சேர்க்கும் லீப் விநாடிகளும் போயின; அவற்றை விட மனமே வரவில்லை. யூடிசியோடு நேபாளத்துக்கு உள்ள ஐந்தே முக்கால் மணி வித்தியாசத்தை ஒற்றை வரியாகச் சுருக்கினேன். குறைத்த பிறகு படித்துப் பார்த்தால், நாற்பது நிமிட உரை இதன் நீர்த்த வடிவம் என்று தோன்றுகிறது. அறை கிடைக்காமல் போனது நல்லதுக்குத்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அரங்கைப் பார்க்கப் போனேன். தன்னார்வலர்கள் கேபிள்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சாளர் கால் தடுக்கினால் மடிக்கணினியும் சேர்ந்து விழும், அதற்காக. ஒருவர் மைக்குகளின் பேட்டரியை ஒவ்வொன்றாகச் சோதித்து, தீர்ந்தவற்றின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தனிப்பெட்டியில் வைத்தார். கோடு போடாவிட்டால் நாளை அவசரத்தில் யாராவது அதையே திரும்ப எடுத்து மாட்டுவார்கள் என்றார். பலமுறை பட்டவர் பேச்சு.

இருக்கைகளைவிட அதிகமாகப் பதிவு ஏற்றிருக்கிறார்கள். இலவசம் என்றால் பதிவு செய்தவர்களெல்லாம் வரமாட்டார்கள். எத்தனை பேர் வராமல் இருப்பார்கள் என்று ஊகிப்பதுதான் ஒழுங்கமைப்பாளரின் தலைவலி. எல்லோரும் வந்துவிட்டால்? "அப்போது நாங்கள் நிற்போம்" என்றார் ஒழுங்கமைப்பாளர்களில் ஒருவரான ஓர் அம்மா, கையில் டேப் சுருளோடு.

ப்ரொஜெக்டர் பழையது, நான்குக்கு மூன்று அளவு. என் ஸ்லைடுகள் அகலமானவை. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன், எழுத்தையும் பெரிதாக்கினேன். ஒரு ஸ்லைடில் எட்டு வரி நிரலுக்கு மேல் வைத்தால் பின்வரிசைக்கு அது வெறும் அலங்காரம்.

ஆகஸ்ட் 23, சனி

என் முறை நண்பகலுக்கு முன். பாதி நிரம்பிய அறை, பேசத் தொடங்கிய பிறகு முக்கால் ஆனது.

லெபனானில் தொடங்கினேன். 2023பி, 2023சி என்று இரண்டு பதிப்பு எண்களையும் அடுத்தடுத்துக் காட்டியபோது சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு பயம் விட்டது.

நடுவில் இருவர் எழுந்து போனார்கள். முன்பெல்லாம் இது எனக்குச் சுருக்கென்று தைக்கும். பங்கேற்பவர்களே நிகழ்ச்சியை வகுக்கும் ஓப்பன் ஸ்பேஸ் என்ற கூட்ட முறையை உருவாக்கிய ஹாரிசன் ஓவன் 'இரண்டு கால்களின் விதி' என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: கற்கவும் முடியவில்லை, பங்களிக்கவும் முடியவில்லை என்றால் வேறிடத்துக்குப் போய்விடு. போனவர்கள் பக்கத்து அறைக்குத்தான் போனார்கள். கட்டணம் வாங்கிய மாநாட்டில் காசு வீணாகிறதே என்று பலர் உட்கார்ந்தே இருப்பார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

முன்வரிசையின் ஓரத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் மீதி நிமிடங்களைக் காட்டும் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தான்: 10, 5, 2, பிறகு ஒன்றும் எழுதாத முழுச் சிவப்பு. '5' காட்டும்போது மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தான். சிவப்பைக் காட்டும்போது சிரிக்கவில்லை. சரியாகச் செய்தான். ஒரு பேச்சாளர் மூன்று நிமிடம் மீறினால் அடுத்தவரின் கேள்வி நேரம் போகிறது. அரங்கிலேயே அதிகாரம் உள்ள ஒரே ஆள் அவன்தான்.

கேள்வி நேரம். முதலில் எழுந்தவர், "இது கேள்வியல்ல, ஒரு கருத்து" என்று ஆரம்பித்தார். எல்லா மாநாட்டுக்கும் ஒருவர் இப்படி நேர்ந்துவிடப்பட்டிருக்கிறார். ஒருங்கிணைத்த பெண் பணிவாக மைக்கை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது: "உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேமிக்கச் சொல்கிறீர்கள். மண்டலமே இரண்டாகப் பிரிந்தால்?"

அறையிலேயே கூர்மையான கேள்வி அது. தென் அமெரிக்க நாடான சிலியில் அப்படித்தான் நடந்தது. 2017-இல் மகல்யானெஸ் பகுதி தலைநகர் சாண்டியாகோவின் நேரத்திலிருந்து பிரிந்தது. புன்டா அரேனாஸ் என்ற புதுப் பெயர் தரவுத்தளத்தில் சேர்ந்தது. இந்த ஆண்டு ஐசென் பகுதியும் பிரிந்து, கோய்ஹைகே என்று இன்னொன்று சேர்ந்தது. 'சாண்டியாகோ' என்று சேமித்து வைத்திருக்கும் பதிவுகளில் எவை இனி கோய்ஹைகேவுக்குரியவை என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது, இடத்தையும் சேர்த்துச் சேமித்திருந்தால் ஒழிய. அதைச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் கடைசி ஸ்லைடில் இடத்துக்கென்று இன்னொரு நெடுவரிசை வேண்டும்" என்றார். வேண்டும்தான். சிவப்பு அட்டை வந்துவிட்டது. மிச்சத்தை நடைக்கூடத்தில் நின்று பேசினோம். அவர் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுபவர். எனக்குச் சிலி வரைபடத்தில் இருக்கும் நாடு, அவருக்கு வாடிக்கையாளர்.

மாலையில் இருக்கைகளை மடித்து அடுக்க நானும் நின்றேன். பேச்சாளர்கள் சிலர் அப்போதே கிளம்பிவிட்டிருந்தார்கள். ஊருக்குப் போகும் ரயில் இருந்தவர்களைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

காணொளி வந்துவிட்டது. முதல் இரண்டு நிமிடம் ஒலியில்லை. மைக்கில் வந்தது, பதிவில் விழவில்லை. அந்தப் பகுதியின் மேல் ஸ்லைடுகளை ஒட்டி, நான் சொன்னதை எழுத்தாகப் போட்டிருக்கிறார் தொகுத்தவர். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கடைசி ஸ்லைடில் நெடுவரிசையைச் சேர்த்து, திருத்திய கோப்பை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வேண்டுகோள்: கணினி தானாக எழுதிய வசனங்களைச் சரிபார்க்க ஆள் போதவில்லை, உங்களுடையதை மட்டுமாவது பார்ப்பீர்களா? பார்த்தேன். 'மண்டலம்' வந்த இடமெல்லாம் 'மண்டபம்' என்று இருந்தது. மூன்று உரைகளுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். தரவுத்தளச் சுட்டெண்களைப் பற்றிய உரையை எடுத்துக்கொண்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று அன்றே நினைத்திருந்தேன், என் உரையும் அதுவும் ஒரே நேரத்தில் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும்.